ஜோக்கர் செத்தது எப்போது?

அனிமேஷன் சூப்பர்ஹீரோ தொடர்களுக்குக் காலவரிசை கட்டும்போது எதை நம்பலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

1992 செப்டம்பர் 5, சனிக்கிழமை. அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்' தொடங்கியது. அன்று காட்டப்பட்டது 'தி கேட் அண்ட் தி கிளா' என்ற இரு பாகக் கதையின் முதல் பாகம். கேட்வுமனாக உலவும் செலீனா கைலும் பேட்மேனும் சந்திக்கும் கதை; கூடவே ஒரு பயங்கரவாதக் கும்பலின் கிருமிச் சதி. இரண்டாம் பாகம் வந்ததோ செப்டம்பர் 12 அன்று. நடுவில் கிடைத்த ஆறு நாட்களில் பேட்மேன் மனித வௌவாலை எதிர்கொண்டான், மிஸ்டர் ஃப்ரீஸை முறியடித்தான், கிளேஃபேஸோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினான், ஜோக்கரிடம் சிக்கித் தவித்த ஓர் அப்பாவியையும் காப்பாற்றினான். ஒளிபரப்பான வரிசையில்தான் கதையும் நடந்தது என்று கொண்டால், நகரத்தையே அழிக்கக்கூடிய கிருமி கும்பலின் கையில் இருக்க, பேட்மேன் ஒரு வாரம் வேறு வேலை பார்த்திருக்கிறான் என்றாகிவிடும். தொடர் பிறந்த முதல் வாரத்திலேயே ஒளிபரப்பு வரிசை கதைக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

அந்தத் தொடரில் 85 எபிசோடுகள். அதே குழுவும் அதன் வழிவந்தவர்களும் சேர்ந்து அடுத்த பதினான்கு ஆண்டுகளில் அதே கற்பனை உலகத்தை விரித்துக்கொண்டே போனார்கள். 'சூப்பர்மேன்' 54, 'தி நியூ பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்' 24, 'பேட்மேன் பியாண்ட்' 52, 'ஸ்டாட்டிக் ஷாக்' 52, 'தி ஸீட்டா பிராஜெக்ட்' 26, 'ஜஸ்டிஸ் லீக்' 52, 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' 39. கூட்டினால் 380-ஐத் தாண்டும். இவற்றோடு சில முழுநீளப் படங்களும் உண்டு. இவை அனைத்தையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு ஒரே கயிற்றில் கோத்துத் தருவதாகச் சொல்லும் பட்டியல்களுக்கு ரசிகர் உலகில் பஞ்சமே இல்லை. அப்படிப்பட்ட முழுப் பட்டியல் எதுவும் நம்பத்தக்கதாக இருக்க முடியாது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். கதையில் நடந்த சம்பவங்களுக்கு முன்பின் உண்டு. அதைச் சான்று காட்டி நிறுவவும் முடியும். ஆனால் உறுதியாக நிறுவக்கூடிய முடிச்சுகள் சில டஜன்தான். மற்ற இடங்களைக் காலியாக விடத் தெரிந்தவர்தான் நல்ல வரிசையைக் கட்ட முடியும்.

ஒளிபரப்பு ஏன் பொய் சொல்கிறது?

ஒளிபரப்பு வரிசை குழம்பியதில் யாருடைய அலட்சியமும் இல்லை. அன்றைய வியாபார அமைப்பே அப்படி. வாரநாள் பிற்பகலில் குழந்தைகளுக்காகக் காட்டப்படும் கார்ட்டூனுக்கு 65 எபிசோடுகள் என்பது அக்காலத்து வழக்கமான அளவு. வாரத்துக்கு ஐந்து வீதம் காட்டினால் பதின்மூன்று வாரம் தாங்கும். பிறகு முதலிலிருந்து மறுஒளிபரப்பு. பள்ளிவிட்டு வரும் பிள்ளை எந்த நாள் டிவியைப் போட்டாலும் கதை புரிய வேண்டும். ஆகவே எந்த எபிசோடையும் எந்த நாளிலும் போடலாம் என்ற ஏற்பாடு தொலைக்காட்சி நிறுவனத்துக்கு வசதியாக இருந்தது. போதாக்குறைக்கு, படம் வரையும் வேலை ஜப்பானிலும் கொரியாவிலும் இருந்த பல ஸ்டுடியோக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. கிளேஃபேஸ் கதையின் முதல் பாகத்தை ஒரு ஸ்டுடியோவும் இரண்டாம் பாகத்தை இன்னொரு ஸ்டுடியோவும் வரைந்தன. எது முதலில் முடிந்து திரும்புகிறதோ, எதில் திருத்தம் குறைவோ அது முதலில் திரைக்கு வரும். விளம்பரக் கணக்கும் உண்டு. 1992 ஜூனில் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படம் வந்து கேட்வுமன் ஊர்ப்பேச்சாக இருந்த சமயம் அது. முதலில் தயாரான 'ஆன் லெதர் விங்ஸ்' இருக்க, கேட்வுமன் கதை தொடக்க நாளைப் பிடித்துக்கொண்டது அதனால்தான்.

இதே நோய் மற்ற தொடர்களையும் விடவில்லை. 1992 அக்டோபர் 31-ல் ஃபாக்ஸில் தொடங்கிய 'எக்ஸ்-மென்' தொடரில், ஜீன் கிரேயை இழந்த துயரத்தில் சைக்ளாப்ஸ் குழுவை விட்டு விலகும் எபிசோடு ஒன்று உண்டு: 'நோ மியூட்டன்ட் இஸ் அன் ஐலண்ட்'. 1994-ல் வந்த, ஜீனைக் குழு இழக்கும் ஃபீனிக்ஸ் கதைக்கு அடுத்தபடியாக வர வேண்டிய அது 1996-ல்தான் ஒளிபரப்பானது. அதற்குள் ஜீன் திரும்பி வந்து, 'டார்க் ஃபீனிக்ஸ்' கதையும் முடிந்து, வேறு பல வில்லன்களும் வந்து போயாகிவிட்டது. ஒளிபரப்பை நம்பினால், உயிரோடு இருக்கும் காதலிக்காக இரண்டு ஆண்டு கழித்து ஒருவன் துக்கம் கொண்டாடுகிறான் என்று எழுத வேண்டியிருக்கும்.

படங்கள் விஷயத்திலும் இதே கதைதான். 'சப்ஸீரோ' என்ற படத்தின் முடிவில் மிஸ்டர் ஃப்ரீஸின் மனைவி நோரா நோயிலிருந்து மீள்கிறாள். அவள் பிழைத்து, ஃப்ரீஸை விட்டு விலகிய பிறகு அவன் என்ன ஆனான் என்பதைச் சொல்வது 'கோல்டு கம்ஃபர்ட்' எபிசோடு. பின்கதையான எபிசோடு 1997 அக்டோபரில் ஒளிபரப்பாகிவிட்டது. முன்கதையான படமோ 1998 மார்ச்சில்தான் கடைக்கு வந்தது. 1997 கோடையில் வெளியான 'பேட்மேன் அண்ட் ராபின்' படத்துக்குக் கிடைத்த மோசமான வரவேற்பே இந்தத் தாமதத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. அர்னால்டு ஷ்வார்ஸ்னெக்கர் நடித்த ஃப்ரீஸ் திரையரங்கில் சறுக்கினார். அந்தச் சறுக்கல் கார்ட்டூன் ஃப்ரீஸின் வாழ்க்கைச் சம்பவங்களையே முன்பின்னாக்கிவிட்டது.

தயாரிப்பு எண் என்ற ஆறுதல்

ஒளிபரப்பு கைவிட்டதும் பலர் ஓடிப் பிடித்துக்கொள்வது தயாரிப்பு எண்ணை. எந்த எபிசோடு எத்தனையாவதாக வேலைக்கு எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் நிர்வாக எண் அது. பேட்மேன் தொடர் டிவிடியாக வந்தபோதும் ஏறக்குறைய இந்த வரிசையில்தான் அடுக்கப்பட்டது. எழுத்தாளர்கள் எந்த வரிசையில் யோசித்தார்களோ அதே வரிசையில் கதையும் நடந்திருக்கும் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கை. ஒளிபரப்பைவிட இது மேலான சான்று என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் இதுவும் நேரடிச் சாட்சி அல்ல.

தயாரிப்பில் முதல் எண் பெற்ற 'ஆன் லெதர் விங்ஸ்' கதையில், மனித வௌவால் செய்த திருட்டுகளுக்குப் பேட்மேன் மீது பழி விழுகிறது. போலீஸ் படையே அவனை வேட்டையாடுகிறது. இவன் நல்லவனா கெட்டவனா என்று நகரம் இன்னும் முடிவு செய்யாத காலம் என்ற எண்ணம் நமக்கு வருகிறது. இரண்டாம் எண் பெற்ற 'கிறிஸ்துமஸ் வித் தி ஜோக்கர்' கதையிலோ ராபின் ஏற்கெனவே பக்கத்தில் இருக்கிறான். ஜோக்கர் ஏற்கெனவே பழகிய எதிரி, ஆர்க்கம் மனநலக் காப்பகத்திலிருந்து தப்பி வருகிறான். இரண்டு எண்களுக்கு நடுவே பல ஆண்டு அனுபவம் கூடிவிட்டது போன்ற தோற்றம். உண்மையில் எழுத்தாளர்கள் இங்கே வளர்ச்சிக் கதை எதையும் சொல்லவில்லை. பேட்மேன் பல ஆண்டுகளாகவே இயங்கி வருகிறான் என்ற பின்னணியில், தனித்தனிக் கதைகளை வேண்டிய மனநிலைக்கு ஏற்ப எழுதினார்கள். அந்தக் கிறிஸ்துமஸ் கதை ஒளிபரப்பானது நவம்பர் 13 அன்று. தயாரிப்பு எண்ணும் சரி, ஒளிபரப்புத் தேதியும் சரி, அது எந்தக் கிறிஸ்துமஸ் என்று நமக்குச் சொல்வதில்லை.

1997-ல் தொடங்கிய 'தி நியூ பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்' இன்னும் தெளிவான பாடம். செப்டம்பர் 13 அன்று வந்த முதல் எபிசோடு 'ஹாலிடே நைட்ஸ்', கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு இரவு வரை நடக்கிறது. அதில் டிம் டிரேக் என்ற சிறுவன் ராபின் உடையில் துள்ளித் திரிகிறான். அவன் யார், எப்படி ராபின் ஆனான் என்பதை அடுத்த வாரம் வந்த 'சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்' சொல்கிறது. இங்கே யாரும் எண்ணைப் புரட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. டிம் ராபின் ஆகும் சம்பவம், டிம் ராபினாகச் செயல்படும் சம்பவத்துக்கு முன்னால்தான் இருந்தாக வேண்டும். முதல் எபிசோடு இரண்டாவதுக்குப் பின்னால் நடந்தது என்பது ஊகமே அல்ல, தர்க்கம் தரும் கட்டாயம். காலவரிசையின் உறுதியான முடிச்சுகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவையே: ஒருவர் முதன்முதலாக அறிமுகமாவது, ஒரு ரகசியம் வெளிப்படுவது, ஒருவர் சாவது, ஒரு குழு உருவாவது, உடைவது. தேதியிடாத கல்வெட்டில் எந்தப் போரின் வெற்றி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று பார்த்து அதன் காலத்தைக் கணிக்கும் ஆய்வாளரின் வேலைதான் இது. கல் எந்தச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது என்பதைவிட, அது எதை அறிந்திருக்கிறது என்பதே முக்கியம்.

உடையும் முகமும்

இப்படிப்பட்ட கட்டாய முடிச்சுகளுக்கு அடுத்த நிலையில் இருப்பவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். இவற்றைக் கையாள்வதில்தான் அதிகத் தவறு நேர்கிறது. 1997-ல் பேட்மேன் நெஞ்சிலிருந்த மஞ்சள் வட்டம் மறைந்து, கறுப்பு வௌவால் சின்னம் மட்டும் மிஞ்சியது. இது கதைக்குள் நடக்கக்கூடிய மாற்றம். ஒரு மனிதன் தன் உடையை மாற்றிக்கொள்வதில் வியப்பில்லை. ஆகவே மஞ்சள் வட்டம் உள்ள பேட்மேன் முந்தியவன், இல்லாதவன் பிந்தியவன் என்று பொதுவாகச் சொல்லலாம். அதே ஆண்டில் ஜோக்கரின் சிவந்த உதடுகளும் மறைந்தன. கண்கள் கறுத்து, நடுவே வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சியது. இது கதைக்குள் நடந்த மாற்றமே அல்ல. சூப்பர்மேன் தொடரின் எளிய கோடுகளோடு ஒத்துப்போகும்படி தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான புரூஸ் டிம்மும் அவர் குழுவும் எல்லா உருவங்களையும் மாற்றி வரைந்தார்கள், அவ்வளவுதான். கண்ணின் வடிவம் மாறியதை வைத்து ஆண்டு சொல்வது, ஓவியரின் தூரிகையைப் பாத்திரத்தின் வாழ்க்கையோடு குழப்பிக்கொள்வதாகும். உடை சாட்சி சொல்லலாம், முகம் சொல்லாது.

பின்னணியை நம்புவதிலும் இதே ஆபத்து. டிம்மோடு சேர்ந்து தொடரை உருவாக்கிய எரிக் ராடோம்ஸ்கி கறுப்புத் தாளின் மேல் வரையச் செய்த பேட்மேனின் காதம் நகரத்தில் போலீஸ் ஆகாயக் கப்பல்கள் மிதக்கின்றன, தொலைக்காட்சி கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது, ரவுடிகள் 1930-களின் இயந்திரத் துப்பாக்கிகளைத் தூக்கித் திரிகிறார்கள். அதே நகரத்தின் வௌவால் குகையில் அதிநவீனக் கணினி இருக்கிறது. வேறு கதைகளில் மனிதனைப் போலவே நடமாடும் எந்திரங்கள் வருகின்றன. இந்த உலகத்தை எந்த ஆண்டிலும் ஆணியடித்து மாட்ட முடியாதபடி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். அதன் கார் மாடலைப் பார்த்து ஆண்டு கணிக்க முயல்வது வீண் வேலை.

இவற்றைவிட வழுக்கலான சான்று ஒன்று உண்டு: ஒருவர் இல்லாமை. 'தி லாஸ்ட் லாஃப்' கதையில் ஜோக்கரின் கூட்டாளி ஹார்லி குயின் இல்லை. அதனால் அது ஹார்லி முதன்முதலாகத் தோன்றும் 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' கதைக்கு முந்தியது என்று சொல்லத் தோன்றும். தயாரிப்பில் அது முந்தியது என்பது உண்மை. எழுத்தாளர் பால் டினியும் புரூஸ் டிம்மும் ஹார்லியைப் படைப்பதற்கு முன்பே அந்தக் கதை வேலைக்குப் போய்விட்டது. ஆனால் ஒளிபரப்பில் அது பதினோரு நாள் பிந்தியது. கதைக்குள்ளோ ஹார்லி அன்று சிறையில் இருந்திருக்கலாம், வேறு வேலையாகப் போயிருக்கலாம். படைப்பாளிகளுக்கு இன்னும் தோன்றாத பாத்திரமும் கதையில் அன்று வராத பாத்திரமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். இல்லாததைச் சான்றாக்கும்போது இந்த இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

ஒரு சாவும் மூன்று சாட்சிகளும்

இந்த விதிகள் எல்லாம் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது: ஜோக்கர் செத்தது எப்போது? 2000 டிசம்பரில் வந்த 'பேட்மேன் பியாண்ட்: ரிட்டர்ன் ஆஃப் தி ஜோக்கர்' படத்தின் பிளாஷ்பேக்கில், ஜோக்கர் சிறுவன் டிம்மைக் கடத்திச் சித்திரவதை செய்து தன்னைப் போலவே ஆக்க முயல்கிறான், அந்த இரவின் முடிவில் ஜோக்கர் இறக்கிறான். வன்முறை கருதிக் குறைத்து வெட்டிய பதிப்பு ஒன்றும், பின்னர் வந்த முழுப் பதிப்பு ஒன்றும் உண்டு. இறக்கும் விதம் மாறுகிறதே தவிர, இறப்பு மாறவில்லை. அந்தக் காட்சியில் வரும் பேட்மேன் 1997 தொடரின் தோற்றத்தில் இருக்கிறான். உடையை மட்டும் நம்பும் வரிசைக்காரர்கள் சாவை அந்தத் தொடருக்கு உடனடியாகப் பின்னால் வைத்துவிடுவார்கள்.

ஆனால் 2001-ல் தொடங்கிய 'ஜஸ்டிஸ் லீக்' தொடரில் ஜோக்கர் உயிரோடு வருகிறான். 'இன்ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' கதையில் சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதரின் கும்பலுக்குள் புகுகிறான். 2003 டிசம்பரில் வந்த 'வைல்டு கார்ட்ஸ்' கதையில் லாஸ் வேகாஸ் முழுக்க வெடிகுண்டு வைத்து அதைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவே நடத்துகிறான். செத்தவன் குண்டு வைக்க மாட்டான். ஆகவே சாவு 'வைல்டு கார்ட்ஸ்' கதைக்குப் பின்னால்தான் போக வேண்டும். உடை சொல்லும் சாட்சியத்தை இங்கே தள்ளிவைக்கிறோம். படம் எடுக்கப்பட்ட 2000-ல் லீக் தொடரின் உருவங்கள் திரைக்கே வரவில்லை என்ற எளிய விளக்கம் அதற்குப் போதும். மேல் எல்லை என்ன? பிளாஷ்பேக்கில் டிம் இன்னும் சிறுவன். அவன் வளர்ந்து இளைஞனாவதற்கு முன் இது நடந்தாக வேண்டும். கீழே ஒரு வரம்பு, மேலே ஒரு வரம்பு. நடுவில் உள்ள இடைவெளிக்குள் எங்கேயோ அந்த இரவு.

அந்த இடைவெளியைக் குறுக்க ஆசைப்படுவோர் மூன்றாவது சாட்சியைக் கொண்டுவருவார்கள். 2004 முதல் 2006 வரை ஓடிய 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தொடரின் கதைகளில் ஜோக்கர் தலைகாட்டுவதில்லை. ஆகவே அதற்குள் அவன் செத்திருப்பான் என்பது வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே சமயத்தில் 'தி பேட்மேன்' என்ற தனிக் கார்ட்டூனும் 'பேட்மேன் பிகின்ஸ்' படமும் வந்ததால், பேட்மேனின் எதிரிகளை லீக் தொடரில் பயன்படுத்தத் தயாரிப்பாளர்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டிருந்தது. ஜோக்கர் மட்டுமா? பெங்குவின் எங்கே, ரிட்லர் எங்கே, டூ-ஃபேஸ் எங்கே? அத்தனை பேரும் ஒரே சமயத்தில் செத்துப்போனார்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஜோக்கரைத் திரையிலிருந்து விலக்கியது உரிமை விவகாரம். அதைக் கதைக்குள் மரணச் சான்றிதழாக மாற்றிவிடக் கூடாது. 'வைல்டு கார்ட்ஸ்' கதைக்குப் பின், டிம் வளர்வதற்கு முன்: இந்த விடைக்கு மேல் ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அது கற்பனை.

எபிசோடுக்குக் காலம் உண்டா?

முழுப் பட்டியலுக்கு எதிரான வலுவான வாதம் இன்னும் மிச்சம் இருக்கிறது. பட்டியல் எண்ணிடுவது எபிசோடுகளை. காலத்தில் நடப்பவை சம்பவங்கள். இரண்டும் ஒன்றல்ல. 'பேட்மேன் பியாண்ட்' 1999 ஜனவரி 10-ல் தொடங்கியது. கிழவனாகிவிட்ட பேட்மேன் புரூஸ் வெய்ன், டெர்ரி மெக்கின்னிஸ் என்ற பள்ளி மாணவனைப் புதிய பேட்மேனாகப் பயிற்றுவிக்கும் எதிர்காலம் அது. ஆறு நாள் கழித்து ஒளிபரப்பான, 'தி நியூ பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்' தொடரின் 'மேட் லவ்', ஹார்லி குயின் ஆர்க்கம் காப்பகத்தில் மனநல மருத்துவராக இருந்தபோது ஜோக்கரிடம் மனதைப் பறிகொடுத்த பழங்கதையைச் சொல்கிறது. அதிலும் பாதி பிளாஷ்பேக், பாதி நிகழ்காலம். இந்த எபிசோடுக்கு எந்த எண் தருவது? ஹார்லி மருத்துவராக இருந்த காலம் 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' கதைக்கும் முந்தியது. அவள் பேட்மேனைப் பிடித்துக் கட்டித் தொங்கவிடும் காட்சி அதற்கு நெடுநாள் பிந்தியது.

இதன் உச்சம் 'எபிலாக்'. 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தொடரில் 2005 ஜூலையில் வந்த இந்த எபிசோடு, 'பேட்மேன் பியாண்ட்' காலத்துக்கும் பதினைந்து ஆண்டு கழித்து நடக்கிறது. வளர்ந்த டெர்ரி, ஒருகாலத்தில் அரசு அதிகாரியாக இருந்து இப்போது முதுமையடைந்த அமாண்டா வாலரைத் தேடிப் போய்த் தன் பிறப்பின் உண்மையைக் கேட்கிறான். அவள் சொல்லும் பதிலுக்குள் ஒரு பிளாஷ்பேக்: 'வைல்டு கார்ட்ஸ்' கதையில் ஜோக்கர் பயன்படுத்திக்கொண்ட, மனத்தால் உலகையே மாற்றும் ஆற்றல் பெற்ற ஏஸ் என்ற சிறுமி சாகக் கிடக்கிறாள், பேட்மேன் அவளைக் கொல்ல மறுத்து, கடைசி வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே எபிசோடு இந்த உலகத்தின் கடைக்கோடியிலும் நிற்கிறது, லீக் காலத்தின் நடுவிலும் நிற்கிறது. அதை எழுதியபோது தொடரே அதோடு முடிந்துவிடும் என்று நினைத்திருந்தார்கள். பிறகு இன்னொரு சீசனுக்கு அனுமதி கிடைத்ததால், 2006 மே 13 அன்று 'டெஸ்ட்ராயர்' எபிசோடோடு முடியும் பதின்மூன்று கதைகள் அதன் பிறகு வந்தன. எண்ணிட்டே தீருவேன் என்பவர் 'எபிலாக்' எபிசோடைக் கத்தரித்து இரண்டு இடங்களில் ஒட்ட வேண்டியிருக்கும். அப்படி ஒட்டினால் காலவரிசை கிடைக்கும். வாலரின் வாக்குமூலம் டெர்ரியின் மனதில் ஏற்படுத்தும் மாற்றம் காணாமல் போகும்.

மறுப்புகள்

படைப்பாளிகளையே கேட்டுவிட்டால் தகராறு தீர்ந்ததே என்று சொல்லலாம். புரூஸ் டிம், பால் டினி, ஆலன் பர்னெட், டுவெய்ன் மெக்டஃபி போன்றோர் தங்கள் படைப்பைப் பற்றிச் சொன்னவற்றுக்கு மதிப்பு உண்டு. 'எபிலாக்' ஏன் அந்த இடத்தில் வந்தது என்பது போன்ற தயாரிப்புச் செய்திகளுக்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆனால் கதைக்குள் முன்பின் எது என்ற கேள்விக்கு அவர்கள் சொல்வது பெரும்பாலும் பின்யோசனை. 'பேட்மேன் பியாண்ட்' எழுதும்போது 'ஜஸ்டிஸ் லீக்' தொடரே இல்லை. எதிர்காலத்தை முதலில் கட்டிவிட்டு, நடுப்பகுதியைப் பிறகு கட்டினார்கள். நடுப்பகுதியில் சேர்த்த ஒவ்வொன்றும் எதிர்காலத்தின் அர்த்தத்தைக் கொஞ்சம் நகர்த்தியது. ஜோக்கரின் சாவே அதற்கு உதாரணம்: 2000-ல் எழுதியபோது அது ஓரிடத்தில் இருந்தது, லீக் கதைகளில் ஜோக்கர் வந்ததும் அதுவாகவே பின்னால் தள்ளப்பட்டது. திரையில் இருப்பதோடு படைப்பாளியின் கூற்று மோதினால் திரைக்கே முதலிடம். மோதாத இடத்தில் அவர் கூற்றைத் துணைச் சான்றாக ஏற்கலாம்.

எல்லாத் தொடர்களும் இப்படிக் குழப்புவதில்லையே என்பது அடுத்த மறுப்பு. 2010-ல் தொடங்கிய 'யங் ஜஸ்டிஸ்' தொடரில் கிரெக் வைஸ்மனும் பிராண்டன் வியெட்டியும் காட்சிக்குக் காட்சி தேதி, மணி, நேர மண்டலம் எல்லாவற்றையும் திரையிலேயே பொறித்தார்கள். ஜூலை 4-ல் தொடங்கும் முதல் சீசன் புத்தாண்டு நாளில் முடிகிறது. லீக் வீரர்கள் சிலரின் பதினாறு மணி நேரம் கணக்கில் வராமல் போனது என்ற மர்மத்தையே கதை முடிச்சாக வைக்கும் அளவுக்கு அங்கே கடிகாரம் முக்கியம். இது சரியான எதிர்உதாரணம்; படைப்பாளிகள் விரும்பினால் வரிசை துல்லியமாகும் என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் திரையில் பொறித்த தேதிகளில் ஆண்டு இல்லை. இரண்டாம் சீசன் ஐந்து ஆண்டைத் தாண்டிக் குதிக்கிறது. அந்த இடைவெளியில் டிக் கிரேசன் ராபின் பட்டத்தை விட்டு நைட்விங் ஆகிறான். ஜேசன் டாட் ராபினாகி இறந்தும் போகிறான். அவனுடைய நினைவுச் சின்னத்தை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். மணிக்கணக்கில் நேரம் குறித்த தொடரிலும் முக்கியமான ஒரு சாவுக்குத் திரையில் தேதி இல்லை. துல்லியம் கூடும்போது காலியிடங்கள் குறைகின்றன, முற்றிலும் ஒழிவதில்லை.

குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூனுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 1992-ல் எழுதிய தனிக்கதைகளுக்கு மட்டும் என்றால் இந்தக் கேள்வி நியாயம். ஆனால் தொடர் வளர வளர அது தன் கடந்த காலத்தையே மூலதனமாக்கிக்கொண்டது. 2000-ல் 'சூப்பர்மேன்' தொடரின் இறுதிக் கதையான 'லெகஸி'யில் டார்க்சைட் என்ற வில்லன் சூப்பர்மேனின் மூளையைச் சலவை செய்து பூமியையே தாக்க வைக்கிறான். அந்த நாளை அமெரிக்க அரசு மறக்கவில்லை. அதன் அச்சத்தில்தான் சூப்பர்ஹீரோக்களை எதிர்த்து நிற்கும் காட்மஸ் திட்டம் வளர்கிறது; 'ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்' தொடரின் ஆகச்சிறந்த கதைகள் அந்த அச்சத்தின் மேல்தான் நிற்கின்றன. 'லெகஸி'யைப் பார்க்காதவருக்கு, காட்மஸை நடத்தும் அமாண்டா வாலர் வெறும் வில்லி. பார்த்தவருக்கு அவள் தரப்பிலும் நியாயம் தெரியும். எது முந்தி, எது பிந்தி என்பது இங்கே யாரிடம் நியாயம் இருக்கிறது என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது.

அப்படியானால் எப்படிப் பார்ப்பது?

கதை நடந்த வரிசையைக் கண்டறிவதும், பார்க்க ஏற்ற வரிசையைத் தீர்மானிப்பதும் வேறு வேறு வேலைகள். முதல்முறை பார்ப்பவருக்கு வெளியான வரிசைதான் நல்லது. எது எப்போது தெரியவந்தால் மனதைத் தைக்கும் என்று எழுத்தாளர்கள் கணக்கிட்டது அந்த வரிசையில்தான். ஜோக்கரின் சாவைக் காலவரிசைப்படி லீக் கதைகளுக்கு நடுவே வெட்டிச் செருகிப் பார்த்தால், முதிய புரூஸ் எதை மறைக்கிறான் என்ற 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜோக்கர்' படத்தின் மர்மம் முன்கூட்டியே உடைந்துவிடும். வெளியீட்டு வரிசையில் செய்ய வேண்டிய திருத்தங்கள் சிலவே. 'தி கேட் அண்ட் தி கிளா' இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பாருங்கள். 'சப்ஸீரோ' படத்தை 'கோல்டு கம்ஃபர்ட்' எபிசோடுக்கு முன்னால் நகர்த்துங்கள். 'சின்ஸ் ஆஃப் தி ஃபாதர்' முடிந்த பிறகு 'ஹாலிடே நைட்ஸ்' பாருங்கள். 'எபிலாக்' வந்த இடத்திலேயே இருக்கட்டும். காட்மஸ் கதை முடிந்த கையோடு வாலரின் வாக்குமூலத்தைக் கேட்பதில்தான் அதன் கனம் இருக்கிறது.

எல்லாம் பார்த்து முடித்து, கதைக்குள் காலம் எப்படி ஓடியது என்று அறிய விரும்புகிறவருக்கு 380 எண்கள் கொண்ட ஏணி தேவையில்லை. டிம் ராபின் ஆனது, 'வேர்ல்ட்ஸ் ஃபைனெஸ்ட்' கதையில் பேட்மேனும் சூப்பர்மேனும் சந்தித்து ஒருவர் ரகசியத்தை ஒருவர் அறிந்தது, 'லெகஸி', லீக் உருவானது, 'வைல்டு கார்ட்ஸ்', ஜோக்கரின் சாவு, டெர்ரி பேட்மேன் உடை அணிந்தது, 'எபிலாக்' என்று முக்கிய முடிச்சுகளை முதலில் போடுங்கள். ஒவ்வொரு முடிச்சுக்கும் பக்கத்தில் அதன் சான்றை எழுதுங்கள். கதைத் தர்க்கமா, உடையா, தயாரிப்பு எண்ணா, படைப்பாளியின் வாயா என்று தரம் பிரியுங்கள். மற்ற எபிசோடுகளை எந்த இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே வரும் என்பதோடு விட்டுவிடுங்கள். முதல் வாரத்து ஃப்ரீஸ் கதையான 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' முந்தியதா, கிளேஃபேஸ் கதையான 'ஃபீட் ஆஃப் கிளே' முந்தியதா என்று யாராவது அடித்துச் சொன்னால், எந்தக் காட்சியை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். காட்சியைக் காட்டினால் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். காட்ட முடியாவிட்டால் அந்த இரண்டுக்கும் நடுவே முன்பின் என்று எதுவும் எழுதத் தேவையில்லை.